சின்ன எழுத்தில் இருந்த பெயர்

தெப்ரெ பிர்ஹான்
யெகாத்தித் மாதம் 1, திங்கள்

ஸெனெபு,

என் தம்பியும் உன் கணவனுமான கிஃப்லெயின் நாற்பதாம் நாள் விருந்தன்று நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். முற்றத்துக் கூடாரத்தில் ஊரே உட்கார்ந்து இன்ஜெரா அப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்தது. அவனைக் கண்ணாடிக் கதவு வைத்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல், அரசு மருத்துவமனையில் போட்டு, இரண்டே இரண்டு மருந்தில் சாகவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் உன்னைக் குற்றம் சொன்னேன். நீ தட்டைக் கீழே வைத்தாய். "மருந்து நெறைய இருந்தா நோய் எண்ணிப் பாத்துட்டுப் பயந்து ஓடிடுமா, அக்கா?" என்று கேட்டாய்.

நான் வாயால் பதில் சொல்லவில்லை. என் பையிலிருந்த சர்க்கரை மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அடுப்பில் எறிந்தேன். உன்னைப் போன்றவர்கள் அரசு மருந்தகங்களில் எண்ணிக் கட்டிக் கொடுக்கும் அதே காகிதப் பொட்டலம். அதன் பிறகு மூன்று வருடம் நாம் பேசவில்லை.

இப்போது வாயால் சொல்கிறேன்: ஓடாது போலிருக்கிறது.

போன மாதம் அடிஸ் அபாபாவுக்கு வந்து, நான் சொன்ன அந்தக் கண்ணாடிக் கதவு மருத்துவமனையிலேயே காட்டினேன். உன் வீட்டுப் பக்கம் வரவில்லை, மன்னித்துக்கொள். டாக்டர் மரியாதையாகப் பேசினார். ஆறு மருந்து எழுதினார், ஒரு ஊசியும் போட்டார்கள். பை நிறைய வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். அப்போதிருந்துதான் எனக்கு ஏதோ ஆகிறது.

திடீரென்று உள்ளங்கை நனைகிறது. முழங்கால் நடுங்குகிறது. பிறகு ஊர் அந்நியமாகிவிடுகிறது. ஒரு உதாரணம் சொன்னால் உனக்குப் புரியும். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்க்கிறாய். மீண்டும் பலகையைப் பார்த்தால் அது உன் கையெழுத்துதான். ஆனால் அந்த எண்கள் எந்த நாட்டு எழுத்து என்று தெரியவில்லை. அந்த மாதிரிப் பயம்.

முப்பத்து நான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கோயிலுக்குப் போகிற வழியில் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லி என்னை நானே சோதித்துக்கொள்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஏழெட்டில் நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு அரெகாஷ் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். "அக்கா, கண்ணு ரெண்டும் கோலிக்குண்டு மாதிரி நிக்குது. என்னைப் பாத்து 'நீ யாரு வீட்டுப் பொண்ணு'ன்னு கேக்கறீங்க!" என்று அழுதாள். அரைக் கிண்ணம் ஷீரோக் குழம்பு சாப்பிட்ட பிறகுதான் அவள் அரெகாஷ் என்று தெரிந்தது.

இன்னொன்று. இது வருவது பெரும்பாலும் புதனும் வெள்ளியும்தான். நோன்பு நாளில் மட்டும் வருவதால் இது சாத்தானின் வேலை, புனித ஊற்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறாள் அரெகாஷ். என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவளை ஊற்றுக்கரையில் இரண்டு மாதம் காலில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். கடைசியில் அவள் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஸெனெபு. மருந்து தெரிந்தவள் என் உறவில் நீ ஒருத்திதான்.

யெஷி

•

அடிஸ் அபாபா
யெகாத்தித் 4

அன்புள்ள யெஷி அக்காவுக்கு,

நலமா? உடம்பு எப்படி? முழங்கால் எப்படி? இங்கே நானும் பிள்ளைகளும் கடவுள் புண்ணியத்தில் நலம். மூன்று வருடக் குசலத்தையும் இந்த ஒரு வரியில் விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம்.

ஆறு மருந்தின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். பெட்டியில் பெரிதாக இருக்கும் பெயர் வேண்டாம். அது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அதுதான் மருந்தின் சொந்தப் பெயர். எனக்கு அதுதான் வேண்டும்.

எந்த நேரத்தில் எதைச் சாப்பிடுகிறீர்கள்? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? புதன், வெள்ளியில் மாத்திரையை எப்போது விழுங்குகிறீர்கள்? இதையும் எழுதுங்கள்.

ஒரு விஷயம் தற்செயலாக அமைந்திருக்கிறது. சுகாதார அலுவலகம் எங்களில் சிலரைத் தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது, மருந்துச் சீட்டுகளை எண்ண. பத்துக்கு ஒன்றாக நூறு சீட்டு எடுக்க வேண்டும். ஒரு சீட்டில் எத்தனை மருந்து, சொந்தப் பெயரில் எழுதியது எத்தனை, ஊசி எத்தனை, நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது எத்தனை என்று குறிக்க வேண்டும். எனக்கு ஒதுக்கியிருப்பது உங்கள் கண்ணாடிக் கதவுதான். திங்கட்கிழமை போகிறேன்.

பேருந்து ஓட்டுநர் முலாத்துவிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். தபாலை நம்பவில்லை.

நடுக்கம் வரும்போது உடனே ஏதாவது இனிப்பாகச் சாப்பிடுங்கள். தேன், சர்க்கரை போட்ட தேநீர், எதுவானாலும் சரி. நோன்பு நாளானாலும் சரி.

ஸெனெபு

•

தெப்ரெ பிர்ஹான்
யெகாத்தித் 7, ஞாயிறு

ஸெனெபு,

"நோன்பு நாளானாலும் சரி" என்று எழுதியிருக்கிறாய். அடிஸ் அபாபாவில் கடவுளுக்கு விடுமுறை கொடுத்துவிட்டீர்களா?

மருந்துகளைச் சொல்கிறேன். ஒரு சிவப்புக் குப்பி, சத்துக்கு. மஞ்சள் குளிகை, இருமலுக்கு. இருமல் போய்விட்டது, குளிகை இன்னும் இருக்கிறது. இரண்டு நிறக் குளிகை ஒன்று வயிற்றுக்கு. பெரிய வெள்ளை ஒன்று மூட்டு வலிக்கு. எண்ணெய் மாதிரி ஒரு உருண்டை எதற்கென்று தெரியாது. கடைசியாகத் தங்க எழுத்துப் பெட்டியில் வருவது சர்க்கரைக்கு. அது மட்டும் காலையில் ஒன்று. நோன்பு நாளில் வயிற்றுக்குள் எதுவும் போகக் கூடாது என்பதால் விடியுமுன் புனித நீரில் விழுங்கிவிடுகிறேன். பிறகு பிற்பகல் பூசை முடிந்துதான் சாப்பாடு.

சின்ன எழுத்தைப் படிக்க என் கண்ணாடி போதாது. அதுவும் தவிர, பரீட்சையில் மேற்பார்வை பார்க்கிறவர் மாதிரி நீ கேட்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணிக்கொண்டு வரப்போகிறாயாம்! சீட்டை எண்ணினால் என்ன தெரியும்? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணினால், எந்தப் பிள்ளை பசியோடு வந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமா?

இந்த வாரம் ஒரு முறைதான் வந்தது. ஆனால் அந்த ஒரு முறை நெருப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாத்திரம் கருகிய நாற்றத்தில் அரெகாஷ் ஓடிவந்தாள். அவள் ஊற்றுக்குப் போக வண்டி பேசிவிட்டாள். கயிறு எதையும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். சிரிப்பதற்காக எழுதவில்லை.

நாளைக்குப் பெருநோன்பு தொடங்குகிறது. ஐம்பத்தைந்து நாளும் இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். ஒருவேளை கடவுள் என் புத்தியை எனக்கே விட்டுவைப்பார்.

யெஷி

•

அடிஸ் அபாபா
யெகாத்தித் 11

யெஷி அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் நேற்று இரவுதான் கிடைத்தது. பெருநோன்பு தொடங்கி இன்று நான்காம் நாள். வாரத்தில் புதன், வெள்ளி என்று இரண்டு நாள் இருந்தது போய், இப்போது உங்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை எல்லாமே புதன்கிழமை. காலையிலிருந்து அரெகாஷ் வீட்டுத் தொலைபேசிக்கு ஐந்து முறை முயன்றேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. எல்லோரும் கோயிலில் இருப்பீர்கள்.

நூறு சீட்டு எண்ணி முடித்தேன். நூறு சீட்டில் நானூற்றுப் பன்னிரண்டு மருந்து. சொந்தப் பெயரில் எழுதியது அறுபத்தெட்டு. ஐம்பத்தேழு சீட்டில் ஊசி. அங்கே மருந்து கட்டிக்கொடுக்கிற பெண் என்னோடு படித்தவள். "ஒரே மருந்து எழுதினா நோயாளி முறைக்கிறான்டி. 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்'னு டாக்டர்கிட்டயே கேக்கறான். அவரும் என்ன பண்ணுவார், ஆளுக்கு நாலு நிமிஷம்" என்றாள். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை, அக்கா. நாம்தான் பை நிறைந்தால் நிம்மதியாக வெளியே வருகிறோம்.

உங்கள் சீட்டு அந்த நூறில் வரவில்லை. வரிசைப்படி பத்துக்கு ஒன்றுதான் எடுக்க வேண்டும். ஆனாலும் கட்டுகளைப் பிரித்துத் தேடினேன். செய்யக் கூடாததுதான். கிடைத்தது.

தங்க எழுத்து மாத்திரையின் சொந்தப் பெயர் கிளிபென்கிளமைட். நாற்பதாம் நாளன்று நீங்கள் அடுப்பில் எறிந்த காகிதப் பொட்டலத்தில் இருந்ததும் அதுதான். அதே மருந்து, அதே அளவு. எங்கள் அலமாரியில் சாதாரண வெள்ளை மாத்திரையாக இருக்கிறது.

உங்கள் சீட்டில் ஒரு வரி இருக்கிறது. "தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்து" என்ற இடத்தில் டாக்டர் "எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். அது உண்மையானால் எனக்குப் பயம் பாதிதான். வெறும் வயிற்றில் அந்த ஒரு மாத்திரையே நடுக்கம் கொடுக்கும். அது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். சாப்பாடு வராவிட்டாலும் நிற்காது. சர்க்கரை போனால் முதலில் போவது புத்தி. அம்மாவுக்கு வந்தது வேறு. உங்களுக்கு வருவது பசி.

ஆனால் அக்கா, நான் உங்களை இருபது வருடமாக அறிவேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். எறிந்த பொட்டலத்துக்குப் பதிலாக வேறு வாங்கினீர்களா? இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறீர்களா?

பதில் எதுவானாலும் இதைப் படித்த உடனே தேன் சாப்பிடுங்கள். சுகாதார நிலையத்துக்குப் போகும்வரை சர்க்கரை மாத்திரை எதையும் தொடாதீர்கள். தனித்தாளில் பெரிய எழுத்தில் அங்கிருப்பவர்களுக்கும் உங்கள் அருகில் இருப்பவர்களுக்கும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதிலை வாங்காமல் திரும்பக் கூடாது என்று முலாத்துவிடம் சொல்லியிருக்கிறேன். "தீயணைப்பு வண்டி ஓட்டற மாதிரி ஓட்டறேன், தாயி" என்றார்.

கிஃப்லெயைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. அவர் போன பிறகு எத்தனையோ முறை நானே என்னைக் கேட்டிருக்கிறேன்: கண்ணாடிக் கதவுக்குள் போயிருந்தால்? அவருக்கு வேண்டிய மருந்து இரண்டுதான், இரண்டும் கொடுத்தோம், இதயம் தாங்கவில்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை. உங்களையும் இழந்தால் அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

ஸெனெபு

•

தெப்ரெ பிர்ஹான்
யெகாத்தித் 12, வெள்ளி

ஸெனெபு,

முலாத்து வாசலில் நிற்கிறார். "டீச்சரம்மா, வண்டியில இருக்கறவங்க என்னைத் திட்டியே கொன்னுடுவாங்க, சுருக்கா எழுதுங்க" என்கிறார். தேன் ஜாடியை எடுத்து வைத்திருக்கிறேன். பூசை முடியட்டும், கொஞ்ச நேரம்தான். நேர்ந்துகொண்டதை நான்காம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ உடைத்தால் நன்றாக இருக்காது.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம்.

நாற்பதாம் நாளன்று எறிந்தேன். அடுத்த திங்கட்கிழமை காலையில், யாரும் பார்க்காமல் சால்வையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போய் வேறு பொட்டலம் வாங்கினேன். மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் அதைத்தான் சாப்பிடுகிறேன். உன்னை ஊர் முன்னால் பேசினேன். ஆனால் நீ முதன்முதலாக எனக்குக் கொடுத்து, "இது போதும், அக்கா" என்று சொன்ன மாத்திரையை விட எனக்குத் தைரியம் வரவில்லை. வாய் ஒன்று சொன்னது, கை வேறு செய்தது.

அந்த டாக்டர் கேட்டார். "ஏற்கெனவே ஏதாவது சாப்பிடறீங்களா, அம்மா?" பளபளவென்று தரை, வெள்ளைத் திரை. நல்ல உடை உடுத்திப் போயிருந்தேன். அங்கே உட்கார்ந்துகொண்டு காகிதப் பொட்டலம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒண்ணும் இல்லை" என்றேன். படித்தவள் செய்கிற காரியமா? புத்தகப் பையில் பழைய நோட்டை ஒளித்து வைத்துக்கொண்டு, "நோட்டு இல்லை டீச்சர்" என்று புது நோட்டு வாங்குகிற பிள்ளையை நான் எத்தனை முறை

கை நனைகிறது. மை பரவுகிறது பார்.

ஒரே ஆளை வருகைப் பதிவில் இரண்டு பெயரில் எழுதிவிட்டேன். இரண்டு பெயருக்கும் அவன் உள்ளேன் என்கிறான். நான் இரண்டு பேர் என்று

முலாத்து வண்டிக்குப் போய் ஹாரன் அடிக்கிறார். எதற்கு அடிக்கிறார்

தேன் எங்கே வைத்தேன் இங்கேதான்

ஏழேழு நாற்பத்தொன்பது
ஏழெட்டு
ஏழெட்டு

•

அடிஸ் அபாபா
யெகாத்தித் 21

அன்புள்ள அக்கா,

நேற்று உங்களை விட்டுவிட்டு வர மனமே இல்லை. பிள்ளைகளின் பள்ளி இல்லையென்றால் வந்திருக்க மாட்டேன். நலமா? இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு? அரெகாஷைச் சாட்சியாக வைத்து எழுதுங்கள்.

அங்கே ஒன்பது நாள் உங்கள் கட்டில் பக்கத்தில் இருந்தும் முலாத்து சொன்னதை முழுவதுமாகச் சொல்லவில்லை. நீங்கள் பயப்படக் கூடாது என்று நினைத்தேன். இப்போது சொல்லலாம்.

"ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். பதில் இல்லை. உள்ள போனா டீச்சரம்மா மேசை மேல சாஞ்சு கிடக்காங்க. பேனா கையிலேயே இருக்கு. வாயில தேன் ஊத்தலாம்னு அரெகாஷ் ஓடி வந்தா. மயக்கத்துல இருக்கறவங்களுக்கு ஊத்தினா மூச்சு அடைச்சுடும்னு நீங்க அந்தத் தாள்ல பெருசா எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சுட்டுக் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். தூக்கிட்டுப் போய் வண்டியில போட்டேன். பார்லி மூட்டைக்காரன் ஒருத்தன் 'நாங்க காசு குடுத்து ஏறினோம்'னான். 'நீ கணக்கு யாருகிட்டப் படிச்சே?'ன்னு கேட்டேன். 'யெஷி டீச்சர்கிட்ட'ன்னான். 'அப்ப மூட்டையை இறக்கு'ன்னேன்."

சுகாதார நிலையத்து நர்ஸ் தாளைப் பார்த்த உடனே கையில் ஊசி குத்தினாளாம். அக்கா, ஊசி என்றால் உங்களுக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். ஆகவே சொல்கிறேன். அன்று உங்கள் நரம்பில் ஏற்றியது வெறும் சர்க்கரைத் தண்ணீர். எங்கள் பட்டியலில் இருக்கும் மிகச் சாதாரணமான மருந்து. தங்க எழுத்து எதுவும் அதன் மேல் இல்லை.

நர்ஸ் தொலைபேசியில் சொல்லி நான் வந்து சேர்ந்தபோது மாலை. நீங்கள் கண் திறந்து என்னையே பார்த்தீர்கள். என்னை "டீச்சர்" என்று கூப்பிடப் போகிறீர்கள் என்று பயந்தேன். "கிஃப்லெ வரலையா?" என்றீர்கள். அவர் போய் மூன்று வருடமாகிறது. இருந்தாலும் எனக்கு அப்போது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? என்னைப் பார்த்ததும் உங்களுக்கு அவர் ஞாபகம் வந்ததே, அது போதும்.

ஒரு வெள்ளை மாத்திரை, காலையில், சாப்பாட்டோடு. வேறு எதுவும் இப்போது வேண்டாம் என்று சுகாதார நிலையத்து அதிகாரியும் சொல்லிவிட்டார். தங்கப் பெட்டியை நான் எடுத்துவந்துவிட்டேன். தேடாதீர்கள்.

உங்கள் ஸெனெபு

•

தெப்ரெ பிர்ஹான்
மியாசியா மாதம் 5

என் ஸெனெபுவுக்கு,

ஈஸ்டர் பண்டிகை வாழ்த்து. கோழிக் குழம்பு காரம் தூக்கல். அரெகாஷ் கைவண்ணம். காலையில் முட்டையும் ரொட்டியும், அதோடு மாத்திரை. சாட்சிக் கையெழுத்து ஓரத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்.

நடுக்கம் வரவில்லை. ஆனால் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்னும் காலையில் கண் விழித்த உடனே ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறேன். ஏழெட்டுக்கு வரும்போது மனம் ஒரு நொடி பிடித்துக்கொள்கிறது. பிறகு ஐம்பத்தாறு வருகிறது. நாளைக்கும் வருமா என்று கேட்டுக்கொண்டே எழுந்திருக்கிறேன். பரீட்சை முடிந்தாலும் பெல் சத்தம் காதில் இருக்கும் பிள்ளை மாதிரி.

நோன்பை முடிக்க முடியாமல் போனது பற்றி என் ஞானத்தந்தையான பாதிரியாரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கோபப்பட்டார். "மருந்து சாப்பிடறவங்களுக்கு நோன்பு கிடையாதுன்னு முப்பது வருஷமா பூசையில சொல்றேன். நீங்கதான் முதல் வரிசையில உக்காந்து தலையாட்டறீங்க. கேக்கறதில்லையா?" என்றார். முதல் வரிசைப் பிள்ளைகள் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன?

எங்கள் மரியன்னை சங்கத்துப் பெண்கள் போன மாதம் என் வீட்டில் கூடினார்கள். காப்பிக்கு முன் எல்லோரும் அவரவர் மருந்தைக் கொண்டுவரச் சொன்னேன். பதினொரு பேர். காப்பித் தட்டு வைக்க இடமில்லாமல் மேசை நிறைந்தது. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தோம். மூன்று பேரிடம் ஒரே வலி மாத்திரை இரண்டு பெயரில் இருந்தது. ஒருத்தி மூன்று பெயரில் வைத்திருந்தாள். அவளும் டாக்டரிடம் "ஒண்ணும் இல்லை" என்றுதான் சொன்னாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. மூவரையும் மறுநாளே சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன்.

உன் கேள்விக்கு இன்னொரு பதிலும் என்னிடம் இருக்கிறது. அதை நேரில்தான் சொல்ல வேண்டும். கிஃப்லெயின் கல்லறைக்கு அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து போவோம். அங்கே, நாற்பதாம் நாளன்று சொன்னதை அவன் முன்னாலேயே திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியைக் கத்தரித்து உன் மருந்தக ஜன்னலில் ஒட்டு. என் கையெழுத்து பெரியது, தூரத்திலிருந்தே தெரியும்.

"இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: இன்று வீட்டுக்குப் போய், தின்கிற மருந்து அத்தனையையும், பொட்டலத்தையும் பெட்டியையும், வெட்கப்படாமல் ஒரே மேசையில் பரப்புங்கள். பெரிய எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கீழே இருக்கும் சின்ன எழுத்தை மட்டும் சத்தமாகப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வாயில் வந்தால், அந்த இரண்டையும் கையிலேயே எடுத்துக்கொண்டு இந்த ஜன்னலுக்கு வாருங்கள்."